புரட்டாசிக்கு முதல் நாள் அணைத்த ஐஸ்பெட்டி

...அதைத்தானே சொல்ல வந்தேன். அந்த மூலை வீட்டுக்காரி இருக்கிறாளே, அவள் போன வருடம் மூன்று கிலோ ஆட்டுக்கறியைக் கொண்டுபோய்ப் பின்வரிசைச் சீன மாமி வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்தாளாம். "மாசம் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன் மாமி" என்று நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் இடையில் மாமியின் மகன்கள் மூன்று பேரும் விடுமுறைக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான். மாதம் முடிந்து இவள் போய் நின்றால், மாமி சிரித்துக்கொண்டே ஓர் அன்னாசிப்பழத்தைக் கையில் கொடுத்து, கறி ரொம்ப ருசி என்றாளாம்!

வேலியோரம் நின்று கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும்தான் வந்தது. ஆனால் இந்த வருடம் நான் செய்த காரியத்தைச் சொன்னால் நீங்கள் மூலை வீட்டுக்காரியை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டு வரிசையில் புரட்டாசி பிறந்தால் பெருமாளுக்கு என்று ஒரு மாதம் யாரும் கவிச்சி தொடமாட்டோம். சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள்ளேயே அது இருக்கக் கூடாது. அதனால் மாதம் பிறப்பதற்கு முதல் நாள் பீடோங் ஊரிலிருந்து சுங்கை லாலாங் ஊர் வரைக்கும் தமிழர் வீடுகளில் ஒரே வேலைதான். ஐஸ்பெட்டியை அணைத்து, கதவைத் திறந்து போட்டு, உள்ளே இருக்கிற மீனையும் கோழியையும் தின்று தீர்ப்பது, தீராததை யாருக்காவது கொடுப்பது. அன்றைக்கு எங்கள் வரிசைப் பூனைகளைப் பார்க்க வேண்டுமே, நடக்க முடியாமல் படுத்துக் கிடக்கும்.

உளி வேண்டாம், வெந்நீர் போதும்

எங்களுடையது ஒற்றைக் கதவுப் பெட்டி. இப்போது வருகிற பெரிய பெட்டிகள் பனியைத் தாமே கரைத்துக்கொள்ளுமாம். எங்கள் பெட்டிக்கு அந்தச் சமர்த்துக் கிடையாது. மேலே இருக்கிற சின்ன அறையில் பனி கட்டிக்கொண்டே போகும். முதலில் மாவு தூவின மாதிரி இருக்கும். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. பிறகு ஒரு நாள் பார்த்தால் அந்த அறையின் குட்டிக் கதவே மூடாது. மோட்டார் இரவும் பகலும் ஓடும். கீழே வைத்த கீரை வாடும்.

அப்போது செய்ய வேண்டியது பொறுமையாக இருப்பதுதான். கம்பியைப் பிடுங்கு. கீழே பழைய துண்டைப் போடு. மேல் அறையில் ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துக் கதவைச் சாத்து. ஆறினால் மாற்று. அரை நாளில் பனி பாளம் பாளமாகத் தானே விட்டு விழும். ஒட்டிக்கொண்டிருப்பதை மரக்கரண்டியால் தட்டினால் போதும்.

பனி போனபிறகு சோடா உப்புப் போட்ட தண்ணீரில் உள்ளே துடைப்பேன். கதவு ரப்பரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பேன். ரப்பர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. முப்பது வருடம் ரப்பர் மரம் சீவியவள். விரலால் ஒருமுறை அழுத்தினால் அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பேன். தாள் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் வாங்கிய அலமாரி

கத்தி, உளி எதையும் பனியில் வைக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். எப்படிச் சொல்லிக்கொடுத்தார் தெரியுமா?

அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்தில், வரிசை வீட்டில் இருந்தோம். நாள் முழுக்கக் கரண்டு வந்த புதிது. இவர் எங்கேயோ போய் ஒரு பழைய ஐஸ்பெட்டியைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வரிசையிலேயே முதல் பெட்டி. குழந்தைகள் எல்லாம் வரிசையில் நின்று ஆளுக்கொரு ஐஸ்கட்டியை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு போகும்.

ஒரு மாதம் ஆனது. பனி கட்டிவிட்டது. நான் வெந்நீர் வைக்கிறேன் என்றேன். "பொம்பளைங்க வேலை அது. இப்ப பாரு" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பனிக்குள் ஒரு குத்து விட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம். பாம்பு வந்துவிட்டதோ என்று நான் பின்வாங்கினேன். சத்தம் கேட்டு நாலு வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒன்னுமில்ல லா, காத்து போவுது."

காற்று போனது. கூடவே குளிரும் போனது. அதற்குப் பிறகு பத்து வருடம் அந்தப் பெட்டியில் அரிசியும் பருப்பும் வைத்தோம். கேட்பவரிடமெல்லாம் அவர், "எலி நுழையாத அலமாரி, இந்த மாதிரி நீங்க எங்க தேடினாலும் கிடைக்காது" என்று பெருமையாகச் சொல்வார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். நல்ல மனுஷன். போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

கிழமைக்கு ஒரு நூல்

என் மருமகள் தேவியை உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்கு ஏது எழுத்து? சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பேத்தி பிறந்து விடுப்பு முடிந்ததும் திரும்பவும் போகத் தொடங்கினாள். போகிற இடத்தில் பாலைப் பிழிந்து, சின்னச் சின்னப் பையில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ்பெட்டியின் மேல் அறையில் வைப்பாள். அவள் இல்லாத நேரத்தில் நான் ஒரு பையை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, குழந்தைக்குக் கொடுப்பேன்.

பையில் தேதி எழுதியிருப்பாள். அதை வைத்து நான் என்ன செய்ய? பழையதை முதலில் எடுக்க வேண்டும், புதியதைப் பிறகு எடுக்க வேண்டும் என்கிறாள். எனக்கு எல்லாம் ஒரே கோடாகத்தான் தெரிகிறது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலில் நவக்கிரகம் சுற்றுகிறோமே, ஒவ்வொரு சாமிக்கும் ஒரு நிறத்தில் துணி கட்டியிருப்பார்கள் அல்லவா? திங்களுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு. அதே நிறத்தில் பைக்கு நூல் கட்டச் சொன்னேன்.

"வெள்ளிக்கும் வெள்ளைதானே அத்தே, என்ன பண்ணுவீங்க?" என்று மடக்கினாள்.

"வெள்ளிக்கு நூல்ல கொஞ்சம் குங்குமத்தத் தேய்ச்சுக்க. ஞாயித்துக்கெழமை நீ வீட்லதான் இருப்ப, அதுக்கு நூலே வேணாம்."

அன்றிலிருந்து ஒரு தப்பு நடந்ததில்லை.

ஆனால் ஒரு கவலை இருந்தது. வேலைக்குப் போன பிறகு தேவிக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. முதலில் நாளுக்கு மூன்று பை, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. குழந்தையோ டின் பாலை நாக்கில் வைத்ததும் துப்பிவிடும். கட்டாயப்படுத்தி ஊட்டினால் அத்தனையும் வாந்தி. அவளுக்கு ஐந்து மாதம்தான். மேல் அறையில் இருந்த அந்தக் கொஞ்சம் பைகள்தான் அவளுடைய சாப்பாடு.

"அத்தே, பொட்டிய ஞாயித்துக்கெழம நான் வீட்ல இருக்கும்போது கழுவிக்கலாம். நீங்க தொடாதீங்க" என்று தேவி சொல்லித்தான் வைத்திருந்தாள்.

நான் செய்த காரியம்

ஞாயிறு வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. புரட்டாசி புதன்கிழமை பிறக்கிறது. பெட்டியில் கோழிக்கால் கிடக்கிறது, நெத்திலி கிடக்கிறது. பெருமாள் படத்துக்கு எதிரே அந்தப் பெட்டி நிற்கிறது. நாலு நாள் எப்படி விளக்கேற்றுவேன்?

செவ்வாய்க்கிழமை காலையில் தேவி வேலைக்குப் போனாள். என் மகன் லாரியை எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போனான். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடுங்கினேன். பின்வரிசைச் சீன மாமியைக் கூப்பிட்டுக் கோழியையும் நெத்திலியையும் கொடுத்தேன். பால் பைகள் பின்சுவரோடு பனிக்குள் புதைந்திருந்தன. இவ்வளவு பனி இருக்கிறது, பால் எங்கே உருகப்போகிறது, அதை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் கரைப்போம் என்று நினைத்தேன். வெந்நீர்க் கிண்ணத்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

வந்து திறந்தால், பனி முழுக்க ஒரே பாளமாகப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. பால் பைகள் தண்ணீரில் நனைந்துகொண்டு கிடக்கின்றன. முன்னால் இருந்த இரண்டை அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

ஒருமுறை உருகின பாலைத் திரும்பவும் உறைய வைக்கக் கூடாது என்று கிளினிக்கில் தாதி என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். மற்ற பைகள் இன்னும் கல் மாதிரிதான் இருந்தன. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? கம்பியைத் திரும்பச் செருகினாலும் இந்தக் கிழட்டுப் பெட்டி குளிர ராத்திரி ஆகிவிடும். தேவியைக் கூப்பிட முடியாது, வேலை நேரத்தில் போன் பூட்டிய அலமாரியில் இருக்கும்.

பைகளைத் துண்டில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காக் யாவிடம் ஓடினேன்.

இரண்டு பயம்

காக் யா கறிபாப், அதுதான் உள்ளே கறி வைத்து மடித்த பலகாரம், செய்து உறைய வைத்து விற்கிற மலாய்க்காரி. ஆள் படுத்துக்கொள்ளலாம் போல் ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறாள். பத்து வருடமாகப் பக்கத்து வீடு. ஒருநாளும் அந்தப் பெட்டியில் நான் எதையும் வைத்ததில்லை. அதில் மாட்டிறைச்சி இருக்கும். நாளைக்குப் புரட்டாசி. என் பேத்தியின் பால் அதன் பக்கத்திலா? எனக்கு அந்தப் பயம்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சட்டென்று "கொடு" என்பாள் என்று நினைத்தேன். அவளும் டின்னைப் பார்த்துக்கொண்டு தயங்கினாள். அவள் மலாயில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அக்கா, என் மகளோட பாலும் இதுலதான் இருக்கு, பேரன் ஆடாமுக்கு. ரெண்டும் கலந்துபோச்சுன்னா? எங்க மார்க்கத்துல ஒரே பாலைக் குடிச்சா கூடப்பொறந்தவங்க. பெருசானா ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்க முடியாது."

எனக்கு அந்தக் கலவரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "என் பேத்திக்கு அஞ்சு மாசம். உன் பேரனுக்கு ஏழு மாசம். அதுக்குள்ள கல்யாணத்தப் பத்திப் பேச வந்துட்டியா? சீர் என்ன செய்வ?"

அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் பயம் பயம்தானே. அவள் பயம் அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். என் பயம் எனக்கு இருக்கிறதே.

டின்னைத் திறந்து நூல்களைக் காட்டினேன். இது செவ்வாய், இது புதன், இது வியாழன் என்று சொன்னேன். "உன் மக பையில நூல் உண்டா?" இல்லை என்றாள். "அப்ப எப்படிக் கலக்கும்?" டின்னை மூடி, மூடிக்கு மேலே மஞ்சள் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். அதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

பெட்டியைத் திறந்தாள். அவளாகவே குனிந்து இறைச்சிப் பைகளை எல்லாம் வலது கோடிக்குத் தள்ளினாள். நடுவில் கறிபாப் தட்டுகளைச் சுவர் மாதிரி அடுக்கினாள். இடது மூலையை ஈரத்துணியால் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் டின்னுக்குக் கை நீட்டினாள்.

"இப்ப வைக்கலாமா அக்கா?"

டின்னை அவள் கையில் வைத்தேன்.

உருகிய இரண்டு பைகளையும் அன்றைக்கே குழந்தை குடித்துத் தீர்த்தாள். ஒரு சொட்டு வீணாகவில்லை.

தேவி வந்தாள்

நாலரை மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் இருந்தே திறந்து கிடந்த பெட்டி தெரிந்துவிட்டது. சுத்தமாக, பளபளவென்று, காலியாக நிற்கிறது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கும்மா, இருக்கு! காக் யா வீட்ல பத்திரமா இருக்கு. ரெண்டுதான் உருகுச்சு, அதுவும் புள்ள குடிச்சுட்டா" என்று கத்தினேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "உங்களத்தான் தொடாதீங்கன்னு சொன்னேன்ல அத்தே?"

"தப்புத்தான்மா. பெருமாளுக்குன்னு அவசரப்பட்டுட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இன்னைக்கு வேலையில ஒரு சொட்டுகூட வரல. அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அங்க இருக்கிறதுதான் கடைசி."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சேலையும் நனைந்தது. டின்னில் இருப்பது நாலு நாளைக்கு வரும். அதற்குப் பிறகு? அன்றைக்கு நான் எதைக் கழுவியிருக்கிறேன், எதைக் கழுவாமல் விட்டிருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பெட்டியின் பனியைப் பார்த்தவள், வீட்டில் ஒருத்தி வாடிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

மீன்கார பாயை நிறுத்தினேன்

மறுநாள் புரட்டாசி ஒன்று. தினம் காலையில் மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்கார பாய் அந்த மாதம் எங்கள் வரிசையில் நிற்கமாட்டார். ஹாரன்கூட அடிக்காமல் மரியாதையாகக் கடந்து போவார். நான் வாசல் கேட்டைத் திறந்து நடுரோட்டில் போய் நின்றேன். நெற்றியில் நாமம் வேறு.

அவர் பிரேக்கைப் பிடித்துவிட்டார். "அம்மா, இன்னைக்குப் பொரட்டாசி லா! மறந்துட்டீங்களா?"

"மறக்கல. பால் சுறா இருக்கா பாய்?"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

அவர் என்னைப் பார்த்தார், உள்ளே தொட்டிலைப் பார்த்தார். பனிக்கட்டிக்கு அடியில் கையை விட்டு, முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்தார். "பால் கொடுக்கிற புள்ளைக்குன்னு சொல்லக் கூடாதாம்மா? சின்னதா, பிஞ்சா தர்றேன்."

வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பு மூட்டினேன், தனிச் சட்டி எடுத்தேன். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, முள்ளை நீக்கி உதிர்த்தேன். பூண்டு மட்டும் இரண்டு கை. இஞ்சி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டுப் புட்டாக வறுத்துத் தட்டில் வைத்தேன்.

வேலை முடிந்து வந்த தேவி தட்டைத் தொடவில்லை. "அத்தே, நாப்பது வருஷமா இருக்கிற விரதம். வீட்லயே மீனு சமைச்சிருக்கீங்க. பெருமாள் கோவிச்சுக்கமாட்டாரா?"

"அவரு பாற்கடல்ல படுத்திருக்கிறவரு. பாலோட அரும அவருக்குத் தெரியாதா? நான் பேசிக்கிறேன், நீ சாப்புடு."

சாப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நான் எதிரில் தயிர்ச்சோற்றோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறியதா என்று கேட்காதீர்கள்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. பாய் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் வாசலில் மட்டும் நிற்கிறார். டின்னில் இருந்தது தீர்வதற்குள் தேவிக்கு நாளுக்கு ஒரு பை வரத் தொடங்கியது. இதோ, பின்னால் அடுப்பில் இன்றைக்கும் சட்டி இருக்கிறது. நான் உங்களோடு பேசிக்கொண்டு...

குழந்தை எழுந்து அழுகிறாள். தேவி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவள் சட்டையின் முன்பக்கம் அப்படியே பாலில் நனைகிறது, பாருங்கள், பாருங்கள்!

"ஐயோ அத்தே, இதெல்லாம் நான் எழுதமாட்டேன்!"

எழுதாவிட்டால் போடி, முதலில் பிள்ளையைத் தூக்கு. பூண்டு கருகுகிற வாசனை வருகிறது, நான் சட்டியை இறக்க வேண்டும்.